நாற்பத்தொரு ராத்தல்

சுற்றிலும் எல்லா நாடும் மாறியபோது
ஹெல்மரோட் மட்டும் ஏன் பழைய மதத்திலேயே நின்றது?
கறுப்பு அங்கிக் கல்விமான்கள் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்.
மேல்மாடத்தில் மடத்தலைவி பதில் சொல்வாள்:
எல்லாம் கன்னி மரியாளின் கருணை.
கீழே மெழுகுக் கிடங்கு வரை
யாரும் இறங்குவதில்லை.

கணக்கு என் கையில் இருந்தது.
அந்தத் தை மாதக் குளிரில் நாற்பத்தொரு ராத்தல்.
லித்துவேனிய வியாபாரிகள் பனியில் எங்கோ மாட்டிக்கொண்டார்கள்.
கூட்டுக்குள் தேனீக்கள்
ஒன்றையொன்று போர்த்திக் கிடந்தன.

கோட்டையில் தோல்தாள் தயார்.
மடங்கள் மூடப்படும். பூசைக்கு லத்தீன் கிடையாது.
சுவரில் நிற்கும் புனிதர்களுக்குச் சுண்ணாம்பு,
மூன்று தொட்டி, ஏற்கெனவே கரைத்தாயிற்று.
சிற்றரசர் எக்பெர்ட் கையெழுத்தும் போட்டுவிட்டார்.
பாக்கி முத்திரைதான்.
உள்ளங்கை அளவு மெழுகு போதும்.

என் கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி சப்பாத்து,
சிவப்பு வார் வைத்தது.
அச்சுக்கூடத்து லுட்கர் தந்தான்.
ஈஸ்டருக்குள் கதவு திறந்துவிடும் என்றான்.
அவன் நகக்கண்ணில் மை எப்போதும் போகாது.
மறைக்க என்ன இருக்கிறது,
நான் காத்திருந்தது வேதத்துக்காக அல்ல,
அந்த நகங்களுக்காக.

அப்போதுதான் காய்ச்சல் வந்தது
ஆறு வயது யுட்டாவுக்கு.
சீமாட்டி ஒட்டிலி நேர்ந்துகொண்டாள்:
மகள் எடைக்கு எடை மெழுகு,
ஒரே திரி, புனித பிளாசியுஸ் முன்னால்.

எங்கள் கிடங்குத் தராசைத் தூக்கிப் போனோம்.
ஒரு தட்டில் குழந்தை, கண் பாதி திறந்து.
மறுதட்டில் என் கட்டிகள், மஞ்சளாய்,
போன கோடையின் வாசனையோடு.
முப்பத்தெட்டில் முள் நின்றது.
மூன்று மிச்சம்.
மூன்று ராத்தலில்
ஒரு நாட்டின் கதவுகளையே திறந்துவிடலாம்.
எடுத்து அங்கிக்குள் செருகினேன்.

“கம்பளியோடு” என்றாள் தாய்.

போர்வையை உருவியிருந்தது நான்தான்.
ஐந்து நாள் வியர்வை ஊறிய கம்பளி.
திரும்பப் போர்த்தினேன். தட்டு தாழ்ந்தது.
ஒரு கட்டி வைத்தேன். இன்னொன்று.
அங்கிக்குள் கதகதப்பாகிவிட்ட கடைசிக் கட்டியையும்.
அப்புறம்தான் முள் நேரானது.

எரிந்த துண்டுகளை உருக்கலாம் என்றார் யாரோ.
கரி கலந்த மெழுகில் நம் சிங்கம் நாய்போலத் தெரியும்
என்று சான்சலர் மறுத்துவிட்டார். மானஸ்தர்.
அக்கரையில் வாங்கலாம் என்றார் இன்னொருவர்.
சொந்த முத்திரைக்கு
அக்கரைக்காரனிடம் கையேந்துவதா?
ஆளாளுக்கு மானஸ்தர்கள்.

பன்னிரண்டாம் நாள் யுட்டா பேரிக்காய் கேட்டாள்.
எக்பெர்ட் தன் கையாலேயே
தோல்தாளைக் கணப்பில் போட்டாராம்.
முடி பொசுங்கும் நாற்றம் என்றாள் சமையற்காரி,
மூக்கைப் பொத்திக் காட்டி.

சுண்ணாம்பு தொட்டிக்குள்ளேயே இறுகிப்போனது.
பன்றிகள் அதில் முதுகு தேய்க்கின்றன.
சுவரில் கிறிஸ்டோபர் இன்னும் முழங்கால் தண்ணீரில்,
காலைச் சுற்றி நான்கு மீன்கள்.
அச்சுக்கூடத்தை உடைத்தார்கள்.
ஈய எழுத்துகள் உருகி வலைக்குண்டுகள் ஆயின;
வெள்ளிக்கிழமை எங்கள் தட்டுக்கு வரும் மீன்
எந்த வாக்கியத்தில் அகப்பட்டதோ.
லுட்கர் பனி உடைவதற்கு முந்தைய இரவு
ஆற்றை நடந்தே கடந்தான்.
அங்கே அவனுக்கு நான்கு பிள்ளைகள்.
சிவப்பு வாரை எலி தின்றது.
மிச்சத்தைப் போட்டுக்கொண்டு
தேன்கூடுகளுக்குப் புகை போடுகிறேன்.

போன அறுவடைக்கு யுட்டா வந்தாள்,
இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று.
கிடங்கு வரை இறங்கி வந்தவள் அவள் ஒருத்திதான்.
“சகோதரி வில்லிகார்ட், அன்றைக்கு நான் எவ்வளவு இருந்தேன்?”
முப்பத்தெட்டு என்றேன்.
“நாற்பத்தொன்று என்றல்லவா கல்லில் வெட்டியிருக்கிறது?”
“மிச்சம் கம்பளி, அம்மா.”
சிரித்தாள். படியேறிப் போனாள்.

தராசைத் துடைத்து வைத்தேன்.
வெறும் தட்டுகளோடும்
முள் ஒரு நூல் வலப்பக்கம் சாய்கிறது.
அன்றும் சாய்ந்திருந்ததா,
நான் பார்க்கவில்லை.